எதுவரை சாட்சி? தஞ்சோங் கூப்பாங் முதல் அகமதாபாத் வரை விமானப் பதிவுக் கருவிகள்

1977 டிசம்பர் 4, ஞாயிறு இரவு. பினாங்கிலிருந்து புறப்பட்ட மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737, பயண எண் 653, சுபாங்கில் தரையிறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. சுமார் 7.54 மணிக்கு, பத்து ஆராங் வட்டாரத்துக்கு மேலே பறந்தபோது, விமானத்தில் கடத்தல்காரர் இருப்பதாக விமானி தெரிவித்தார். சிறிது நேரத்தில் சிங்கப்பூர் செல்வதாகச் சொல்லி விடைபெற்றார். 8.15 மணியளவில் தொடர்பு அறுந்தது. 8.36 மணியளவில் ஜொகூரின் தென்மேற்கு முனையில், தஞ்சோங் கூப்பாங்கின் கம்போங் லாடாங் சதுப்பு நிலத்தில் விமானம் விழுந்து எரிந்தது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர் என நூறு பேரும் இறந்தார்கள். அவர்களில் மலேசிய விவசாய அமைச்சர் டத்தோ அலி ஹாஜி அகமட், ஜப்பானுக்கான கியூபா தூதர் மாரியோ கார்சியா இன்சௌஸ்தெகி ஆகியோரும் இருந்தனர்.

விமானம் ஏறக்குறைய செங்குத்தாக, மிகுந்த வேகத்தில் தரையில் மோதியதால் அடையாளம் காணத்தக்க ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. எஞ்சியவை ஜொகூர் பாருவின் ஜாலான் கெபுன் தே நினைவிடத்தில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. மனிதச் சாட்சி எவரும் மிஞ்சாத அந்த விபத்தில், உள்ளே நடந்ததைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி விமானி அறைக் குரல் பதிவுக் கருவி தந்தது. எரிபொருள் சிங்கப்பூர்வரை போதாது என்று விமானிகள் கடத்தல்காரருடன் பேசுவதும், பிறகு துப்பாக்கி வெடிக்கும் ஓசைகளும், அதன்பின் அறைக்குள் பலர் நுழைந்த குழப்பமும் அதில் பதிவாகியிருந்தன. விமானிகள் இருவரும் சுடப்பட்டு, விமானத்தைச் செலுத்த ஆளில்லாமல் போனது என்ற முடிவுக்கு விசாரணையாளர்கள் வந்தது அதை வைத்துத்தான். ஆனால் சுட்டவர் யார், அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்ற கேள்விகளுக்கு அந்த நாடாவில் பதில் இல்லை. ஜப்பானியச் செம்படை என்ற ஆயுதக் குழு மீது எழுந்த ஊகம் நிறுவப்படாமல் ஊகமாகவே நின்றுவிட்டது.

கறுப்புப் பெட்டி என்று மக்கள் அழைக்கும் இந்தக் கருவி எதுவரை சாட்சி சொல்லும்? விமானப் பயணத்தின் ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்விக்குத் தனக்கென ஒரு விடை வைத்திருந்தது.

சிதைவுகளே போதும் என்ற காலம்

முதல் விடை, கருவியே வேண்டாம் என்பது. விழுந்த விமானத்தின் துண்டுகளைக் கூட்டி வைத்துப் படித்தால் காரணம் தெரியும் என்று பழைய பொறியாளர்கள் நம்பினார்கள். இதன் வலிமையும் வலுவின்மையும் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் வரலாற்றில் சேர்ந்தே வெளிப்பட்டன. 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்றுகொண்டிருந்த, பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் காமெட் ஒன்று கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் வானிலேயே சிதைந்தது. 43 பேர் இறந்தனர். இடிமழைக் காற்றில் சிக்கியதே காரணம் என்று விசாரணை கருதியது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகிலும், ஏப்ரலில் நேபிள்ஸ் அருகிலும் மேலும் இரண்டு காமெட்கள் விழுந்த பிறகே சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் முழு விமான உடலையும் நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தபோது உலோகம் களைத்து வெடிப்பது தெரிந்தது.

சிதைவு ஆய்வின் மாபெரும் வெற்றி அது. ஆனால் உண்மையை எட்டுவதற்குள் மூன்று விமானங்கள் போய்விட்டன. முதல் விபத்திலேயே கடைசி நிமிடத்தின் பதிவு ஏதேனும் கிடைத்திருந்தால் ஐயம் முன்னமே எழுந்திருக்கக்கூடும்.

எண்களா, குரலா?

அந்த வாதத்தை எழுப்பியவர் மெல்பர்னிலிருந்த வானூர்தி ஆய்வுக்கூடத்தின் வேதியியலாளர் டேவிட் வாரன். 1934இல் பாஸ் நீரிணைக்கு மேல் மறைந்த விமானத்தில் தந்தையை இழந்தவர். காமெட் விபத்துகள் பற்றிய கலந்தாய்வில் பங்கேற்றபோது, விமானி அறையின் பேச்சைப் பதிந்துவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1954இல் அதைக் குறிப்பாக எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் செய்துமுடித்த மாதிரிக் கருவி, எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவிகளின் சில அளவுகளையும் சேர்த்தே பதிந்தது.

குரலுக்கு முன்பே எண்களைப் பதிய முயன்றவர்கள் உண்டு. பிரான்சின் ஃபிரான்சுவா உசெனோ 1939 வாக்கில் ஒளிப்படச் சுருளில் அளவுகளைப் பதித்தார். அமெரிக்காவில் பேராசிரியர் ஜேம்ஸ் ரயன் 1950களில் வேகம், உயரம், செங்குத்து முடுக்கம் ஆகியவற்றைப் பதியும் கருவி செய்தார். 1950களின் இறுதியில் அமெரிக்கா ஜெட் விமானங்களுக்குத் தரவுப் பதிவைக் கட்டாயமாக்கியது. உலோகத் தாளில் கீறிய நேரம், உயரம், வேகம், திசை, செங்குத்து முடுக்கம் என்ற ஐந்து கோடுகளே அன்றைய பதிவு.

எண்களை ஏற்றவர்கள் குரலை ஏற்கத் தயங்கினார்கள். ஆஸ்திரேலிய விமானிகள் சங்கம் இதை வேவு பார்க்கும் கருவி என்று எதிர்த்தது. அந்த எதிர்ப்பைத் தொழில் கர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது. தான் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும் அறையில் வேலை செய்வது எவருக்கும் எளிதன்று. ஆயினும் 1960 ஜூனில் குயின்ஸ்லாந்தின் மக்காய் அருகே ஃபோக்கர் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தபோது, காரணம் கண்டறிய முடியாமல் தவித்த விசாரணை, குரல் பதிவைப் பரிந்துரைத்தது. அதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு ஆஸ்திரேலியாதான்.

எண் வழியும் குரல் வழியும் பின்னர் ஒன்றுக்கொன்று துணையாயின. விமானம் என்ன செய்தது என்பதைத் தரவு சொல்கிறது. உள்ளிருந்தவர்கள் என்ன நடப்பதாக நினைத்தார்கள் என்பதைக் குரல் காட்டுகிறது. இரண்டும் முரண்படும் இடமே பல விபத்துகளின் திறவுகோல்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பெயர் கறுப்புப் பெட்டியானாலும், சிதைவுகளுக்கிடையே கண்ணில் பட வேண்டும் என்பதால் நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. மோதலில் கடைசியாக நொறுங்கும் பகுதி என்பதால் பெரும்பாலும் வாலில் பொருத்துகிறார்கள். முன்பு காந்த நாடா இருந்த இடத்தில் இப்போது நினைவகச் சில்லுகள். எஃகு அல்லது டைட்டானிய உறைக்குள், வெப்பம் புகாத அடுக்குகளுக்கு நடுவே அவை இருக்கின்றன. புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு அதிர்ச்சி, 1,100 பாகை செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரம், 260 பாகையில் பத்து மணி நேரம், 6,000 மீட்டர் ஆழ்கடல் அழுத்தம் ஆகிய சோதனைகளை அந்த உறை தாங்க வேண்டும். நீர் பட்டவுடன் 37.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிக்கும் ஒலிக்கருவியும் சேர்ந்திருக்கும். அதன் ஆயுள் முன்பு 30 நாள், இப்போதைய விதியில் 90 நாள்.

பெட்டி கிடைத்த நாளன்றே காரணம் தெரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு தவறானது. தரவுப் பதிவு வெறும் இரும எண்களின் நீண்ட வரிசை. எந்த எண் எந்த உணரியுடையது என்ற அட்டவணை சரியாக இல்லாவிட்டால் உயரத்தை வேகமாகப் படித்துவிடவும் கூடும். பெட்டி சிதைந்திருந்தால் சில்லைப் பிரித்து, சுத்தம் செய்து, அதே வகையான நல்ல கருவியில் பொருத்திப் படிக்க வேண்டும். குரல் பதிவைப் பல தரப்பினர் ஓரறையில் உட்கார்ந்து மீண்டும் மீண்டும் கேட்டு, எந்தச் சொல் யாருடையது என்று இணக்கம் கண்டு எழுதுகிறார்கள். பேச்சோடு நிற்பதில்லை: எஞ்சினின் சுருதி, விசை தட்டும் சொடுக்கு, இருக்கை நகரும் ஓசை எல்லாம் அலைப்பகுப்பாய்வுக்குப் போகின்றன. வானொலிப் பொத்தானை அழுத்திய கணங்களைக் கொண்டு குரலின் கடிகாரத்தையும் தரவின் கடிகாரத்தையும் பொருத்துகிறார்கள்.

1970களின் குரல் பதிவு வழக்கமாக 30 நிமிட வளைய நாடா. பழையதன் மேல் புதியது பதிந்துகொண்டே போகும். தஞ்சோங் கூப்பாங்கில் கடத்தல் பற்றிய முதல் தகவலுக்கும் வீழ்ச்சிக்கும் இடையே சுமார் 42 நிமிடம். அவ்வளவு நீண்ட நிகழ்வு முழுவதும் அடங்க அக்கால நாடா போதுமானதன்று. குரல் பதிவு பின்னர் இரண்டு மணி நேரமாக நீண்டது, அதுவும் போதவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவடைப்பு வானில் பிய்த்துக்கொண்டு போனபோது, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியும், மின்சாரத்தை நேரத்தில் துண்டிக்காததால் பதிவு அழிந்துபோனது. புதிய பெரிய விமானங்களுக்கு 25 மணி நேரப் பதிவு இப்போதுதான் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஓசை, இருவேறு செவிகள்

பதிவு முழுமையாகக் கிடைத்தாலும் அதைப் படிப்பவர்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அப்பால் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் விழுந்து 329 பேர் இறந்தனர். சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு பதிவிகளும் ஜூலையிலேயே மீட்கப்பட்டன. ஆழ்கடல் மீட்பின் வரலாற்றில் அது பெரிய சாதனை. குரல் பதிவில் இருந்ததோ ஒரு திடீர் ஓசை, அதன்பின் அறுந்துபோன நாடா. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒலி ஆய்வையும் கணக்கில் எடுத்த நீதிபதி கிர்பால் விசாரணை, குண்டுவெடிப்பே காரணம் என்றது. அதே நாடாவைக் கேட்ட பிரிட்டிஷ் வல்லுநர், வெடிகுண்டுக்குரிய ஒலித்தன்மை அதில் இல்லை என்று கருதினார். குண்டுதான் என்ற முடிவு, சிதைவுகளும் காவல்துறைப் புலனாய்வும் சேர்ந்ததால் உறுதிப்பட்டது. நாடா மட்டும் அதைத் தாங்கியிருக்காது.

அந்த வாசிப்புக் கலை பிறகு எவ்வளவு முன்னேறியது என்பதற்கு எம்.எச். 17 சாட்சி. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த மலேசிய விமானத்தின் பெட்டிகளைப் பிரிவினைவாதிகள் டொனெட்ஸ்கில் மலேசியக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். அவை நெதர்லாந்துப் புலனாய்வாளர்கள் வழியாக ஃபார்ன்பரோவுக்குப் போயின. கடைசி 20 மில்லி வினாடிக்குள் இரண்டு ஒலி உச்சங்கள் இருந்தன. விமானி அறையின் வெவ்வேறு ஒலிவாங்கிகளை அவை எட்டிய நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஓசை வெளியிலிருந்து, அறையின் இடது மேற்புறத்திலிருந்து வந்தது என்று நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் 2015 அறிக்கையில் காட்டியது. வெடிப்பின் இடத்தைப் பதிவி சொன்னது. ஏவியவர் யார் என்பதை வேறு விசாரணைதான் தேட வேண்டியிருந்தது.

நின்றுபோன பதிவுகள்

கருவி இருந்தும் பதியாமல் போவது அடுத்த சிக்கல். பதிவி விமானத்தின் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் பதிவும் போகும். 1997 டிசம்பர் 19 அன்று ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூர் வந்த சில்க் ஏர் 185 பாலெம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்து 104 பேர் இறந்தனர். குரல் பதிவு முதலில் நின்றது. ஆறு நிமிடம் கழித்துத் தரவுப் பதிவும் நின்றது. விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்தது அதற்குப் பிறகு. விசாரணைக்கு மிகவும் தேவைப்பட்ட கணங்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை.

விளைவு, ஒரே விபத்துக்கு மூன்று விடைகள். இந்தோனேசிய விசாரணைக் குழு 2000 டிசம்பரில் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வேண்டுமென்றே செலுத்தியதன் அறிகுறிகளைக் கண்டது. 2004இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்ற நடுவர் குழு சுக்கானின் கட்டுப்பாட்டு வால்வில் குறை கண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தை இழப்பீடு தரச் சொன்னது. மூன்றையும் ஒருசேர ஏற்க முடியாது. எதையும் முற்றாக மறுக்கவும் பதிவு உதவவில்லை.

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் இறந்த ஜேஜு ஏர் விபத்திலும் மோதலுக்குச் சுமார் நான்கு நிமிடம் முன்பே இரண்டு பெட்டிகளும் நின்றிருந்தன. பத்து நிமிடமாவது பதிவைத் தொடரச் செய்யும் தனி மின்கலம் பல ஆண்டுகளாகவே உண்டு. பழைய வடிவ விமானங்கள் பலவற்றில் அது இல்லை. இந்தத் துறையின் வெட்கப்பட வேண்டிய தாமதங்களில் இது ஒன்று.

எண்ணம் பதிவாகுமா?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து, விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தனர். அந்த போயிங் 787இல் குரலையும் தரவையும் சேர்த்துப் பதியும் இரண்டு கருவிகள், முன்னும் பின்னும், உண்டு. பின்பக்கத்தது கடுமையாகச் சிதைந்திருந்தது. தனி மின்கலம் கொண்ட முன்பக்கத்தது சுமார் 49 மணி நேரத் தரவும் இரண்டு மணி நேரக் குரலும் தந்தது. ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கைப்படி, கிளம்பிய சில வினாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் விசைகளும் ஒரு வினாடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போயின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டார், தான் செய்யவில்லை என்றார் மற்றவர்.

உலகிலேயே முன்னேறிய பதிவிகளில் ஒன்று, விசையின் நிலை மாறியதை வினாடிக் கணக்கில் சொல்லிவிட்டது. நிலை ஏன் மாறியது என்பதை எண்களோ அந்த இரண்டு வாக்கியங்களோ தாமாக விளக்கிவிடவில்லை. சொல்லப்போனால், 1977இன் நாடா நின்ற எல்லைக்கோடும் இதுவே.

இதற்குத் தீர்வாக விமானி அறையில் காணொளிப் பதிவு வேண்டும் என்பது ஒரு தரப்பு. அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் கேட்டுவருகிறது. 2025 ஜூலையில் சிங்கப்பூரில் பேசிய, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் தலைவர் வில்லி வால்ஷும் அதற்கு வலுவான நியாயம் இருப்பதாகச் சொன்னார். விமானிகள் அமைப்புகள் எதிர்க்கின்றன: இப்போதுள்ள தரவே போதும், மரணக் காட்சி ஊடகத்தில் கசியும், நிறுவனங்கள் கண்காணிப்புக்குப் பயன்படுத்தும் என்பவை அவர்கள் அச்சங்கள். கசிவு அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியபோது, குரல் பதிவின் செய்தி விசாரணையை முந்திப் பத்திரிகைக்குப் போய்விட்டது. ஆனால் அதே விபத்து எதிர்வாதத்துக்கும் இடம் தருகிறது. பூட்டிய கதவைத் தட்டும் ஓசை, உள்ளே சீரான மூச்சு, உயரத்தை 100 அடிக்குத் திருப்பிவைத்த தரவு ஆகிய மூன்றும் சேர்ந்து, காணொளி இல்லாமலேயே துணை விமானி வேண்டுமென்று செய்ததை நிறுவின. தஞ்சோங் கூப்பாங்கில் ஒரு படக்கருவி இருந்திருந்தால் சுட்டவரின் முகம் பதிவாகியிருக்கலாம். அங்கே அதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

கிடைக்காத பெட்டி

239 பேருடன் 2014 மார்ச் 8 அன்று மறைந்த எம்.எச். 370இன் பெட்டிகள் இன்னும் கிடைக்கவில்லை. தரவுப் பதிவியின் நீரடி ஒலிக்கருவிக்கான மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியானது என்பதை விசாரணை கண்டறிந்தது. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையைத் தேடியும் பயனில்லை. 2018 ஜூலையில் வெளியான மலேசிய அறிக்கை, பெட்டிகளும் முக்கியச் சிதைவும் இல்லாத நிலையில் காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று முடிந்தது. அதற்கு முன் 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இன் பெட்டிகள் இரண்டு ஆண்டு கழித்து, சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்துப் படிக்கவும் முடிந்தது. ஆழம் பெட்டியைத் தோற்கடிப்பதில்லை. இடம் தெரியாமைதான் தோற்கடிக்கிறது.

எனவே தரவைச் செயற்கைக்கோள் வழி உடனுக்குடன் அனுப்ப வேண்டும் என்பவர்கள் உண்டு. செலவும் அலைக்கற்றையும் முன்பு தடையாக இருந்தன. இன்று அவ்வளவு இல்லை. குரலை யார் காப்பது, எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பவையே இப்போதைய முட்டுக்கட்டைகள். பன்னாட்டு சிவில் விமான அமைப்பு நடுவழியைத் தேர்ந்தது: புதிய பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறையாவது தம் இடத்தைத் தாமே அறிவிக்க வேண்டும். பெட்டியைத் தேடும் வட்டத்தை இது சுருக்குகிறது, பெட்டியின் வேலையைச் செய்வதில்லை.

சிறிய விமானங்களின் நிலை வேறு. 2023 ஆகஸ்ட் 17 அன்று ஷா ஆலாமின் எல்மினா அருகே நெடுஞ்சாலையில் விழுந்து பத்துப் பேரைப் பலிகொண்ட பீச்கிராஃப்ட் விமானத்தில் குரல் பதிவி மட்டுமே இருந்தது. அந்த எடைக்குத் தரவுப் பதிவி கட்டாயமில்லை. குரலையும் சிதைவுகளையும் வைத்தே, இறக்கைமேல் உள்ள தடுப்புத் தகடுகள் வானில் தவறுதலாக விரிந்ததை மலேசிய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு கண்டறிந்தது. ஃபார்ன்பரோக்காரர்களின் பழைய வழி இன்றும் செல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த அண்மைச் சான்று இது.

யாருக்காகக் கேட்பது?

பன்னாட்டு சிவில் விமான விதிகளின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது என்கிறது. பழி சுமத்துவது அன்று. குரல் பதிவைப் பாதுகாக்கச் சொல்வதும் அதனால்தான். தம் பேச்சு நீதிமன்றத்தில் ஒலிக்கும் என்ற அச்சம் இருந்தால் விமானிகள் வாய்திறக்கத் தயங்குவார்கள் என்பது அதன் தர்க்கம். குடும்பங்களுக்கு இது எப்போதும் போதுவதில்லை. அவர்கள் கேட்பது பரிந்துரைப் பட்டியலை அல்ல, பொறுப்பு யாருடையது என்பதை. சில்க் ஏர் குடும்பங்கள் நீதிமன்றம் போனது அதற்காகத்தான். இரண்டு தேவைகளும் நேர்மையானவை. ஒரே பெட்டி இரண்டையும் நிறைவேற்றும் என்று எதிர்பார்ப்பதால்தான் மோதல் வருகிறது.

தீராதவை

இந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், இயந்திரம் என்ன செய்தது என்ற கேள்வியில் பதிவிகளின் சாட்சியம் ஏறக்குறைய உறுதியானது. அறையில் என்ன கேட்டது என்பதில் நல்லது, ஆனால் விளக்கத்துக்கு உட்பட்டது. யார், ஏன் என்பதில் துணைச் சான்று மட்டுமே. இந்த வரம்பை நினைவூட்டாமல் பெட்டி கிடைத்தது, மர்மம் தீரும் என்று எழுதும் செய்திகள் குடும்பங்களுக்குப் பொய் நம்பிக்கை தருகின்றன. காணொளி அந்த வரம்பை ஓரளவு நகர்த்தக்கூடும், அழிக்காது. அதற்கான பாதுகாப்புச் சட்டங்கள் எழுதப்படும்வரை விமானிகளின் மறுப்பும் நியாயமற்றதாகாது. செயற்கைக்கோள் வழி முழுத் தரவையும் அனுப்புவதில் தொழில்நுட்பத்தைவிடச் சட்டம் பின்தங்கியிருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயங்களில் விவாதம் முடிந்துவிட்டது. எஞ்சின் நின்றாலும் ஓடும் தனி மின்கலமும், 25 மணி நேரக் குரல் பதிவும், எவருடைய தனிமையையும் இன்றைக்குள்ளதைவிடப் பெரிதாகக் குலைக்காமல் பொருத்தக்கூடியவை. அவற்றைப் புதிய விமானங்களோடு நிறுத்தாமல், ஜொகூரின் வானில் அன்றாடம் பறக்கும் பழைய விமானங்களிலும் பொருத்த மலேசியாவும் அண்டை நாடுகளும் இப்போதே விதி செய்ய வேண்டும்.